புதிய பரவல் பதிவை எழுதுவது எப்படி: இராமேசுவரத்துச் சிலந்தியை முன்வைத்து

இராமேசுவரத்துத் தோப்புகளில், பகல் முழுவதும் மரப்பொந்திலும் பட்டை இடுக்கிலும் ஒடுங்கிக் கிடந்து இருட்டிய பிறகே வெளியே வரும் பெரிய சிலந்தி ஒன்று இருக்கிறது. 2004-இல் சிலந்தி ஆய்வாளர் ஆன்ட்ரூ ஸ்மித் அதை விவரித்து, அங்குள்ள அனுமன் கோயிலொன்றின் பெயரைத் தழுவிப் பீசிலோதீரியா ஹனுமவிலாசுமிக்கா என்று பெயரிட்டார். பீசிலோதீரியா என்னும் இப்பேரினத்தின் (நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதியின்) சிலந்திகள் உலகில் இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழ்கின்றன. இலங்கைத் தமிழர்கள் இவற்றைப் புலிமுகச் சிலந்தி என்பார்கள். 2008-இல், உயிரினங்களின் அழிவு அபாயத்தை மதிப்பிடும் ஐயுசிஎன் (பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) சிவப்புப் பட்டியல் இராமேசுவரத்துச் சிலந்தியை 'மிக அருகிய இனம்' என்று வகைப்படுத்தியது. 2015-இல் இலங்கை ஆய்வாளர்கள் அதே சிலந்தியை மன்னார் மாவட்டத்திலிருந்தும் பதிவு செய்தார்கள். அந்த ஒரே பதிவால் 'இந்தியாவுக்கு மட்டுமே உரியது' என்ற அடைமொழி போயிற்று, இலங்கையின் உயிரினப் பட்டியலில் ஒரு பெயர் கூடிற்று, அழிநிலையைக் கணிக்கும் எண்களின் அடிப்படையே மாறிற்று.

அதிகம் அறியப்படாத உயிரினங்களைப் பொறுத்தவரை, ஆய்வுக்கூடத்தில் இல்லாத ஒருவராலும் இத்தகைய பதிவைச் செய்ய முடியும். ஆசிரியர்கள், வனக் காவலர்கள், புகைப்படக்காரர்கள், கல்லூரி மாணவர்கள் பலர் செய்துமிருக்கிறார்கள். ஆனால் பார்த்தது வேறு, பதிவு வேறு. பின்னால் வரும் ஒருவர், நம்மைக் கேட்காமலேயே, நாம் சொன்னதைச் சரிபார்க்க முடிந்தால்தான் அது பதிவு. அதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பதை இந்தச் சிலந்தியைக் கொண்டே விளக்குகிறேன். பல்லி, மீன், தும்பி, செடி எதுவானாலும் வழிமுறை பெரிதும் இதுவே.

களத்துக்குப் போகுமுன் பழைய முகவரியைப் படிக்க வேண்டும்

ஓர் இனம் 'புதிய இடத்தில்' கிடைத்தது என்று சொல்ல வேண்டுமானால், அது ஏற்கெனவே எங்கெல்லாம் கிடைத்திருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். எளிதாகத் தோன்றும் இந்த வேலைதான் அதிக நேரம் பிடிக்கும். முதலில் பெயரைச் சரிபார்க்க வேண்டும். ஒரே விலங்கு வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பெயர்களில் பதிவாகியிருக்கும். ஒரு பெயரை மட்டும் வைத்துத் தேடினால் பாதிப் பதிவுகள் கண்ணில் படாது. சிலந்திகளுக்கு, பெர்ன் நகர இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் பராமரிக்கும் உலகச் சிலந்திப் பட்டியலில் இன்று செல்லுபடியாகும் பெயரும் அதன் பழைய பெயர்களும் கிடைக்கின்றன. அடுத்து, அந்த இனத்தை முதன்முதலில் விவரித்த கட்டுரையையே தேடிப் படிக்க வேண்டும். பிற்காலக் கையேடுகள் அதைச் சுருக்கும்போது, இடப்பெயரைத்தான் முதலில் சுருக்கிவிடுகின்றன.

பழைய இடப்பெயர்கள் ஆளை ஏமாற்றும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எடுத்துப் பாதுகாத்த உயிரின மாதிரியின் சீட்டில் 'கோயம்புத்தூர்' என்று இருந்தால் அது இன்றைய கோவை மாவட்டம்தான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கொள்ளேகால் வட்டம் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. இன்று கர்நாடகத்தில் இருக்கிறது. கொள்ளேகாலின் பெயரையே தாங்கிய தரைப்பல்லி ஒன்றும் உண்டு. 1870-இல் ஆங்கிலேய இயற்கையியலாளர் பெட்டோம் அதற்குப் பெயரிட்டபோது அந்த ஊர் சென்னை மாகாணத்தில் இருந்தது. 'வயநாடு' என்ற சொல்லோ இன்னும் சிக்கலானது: கூடலூர்ப் பகுதி தென்கிழக்கு வயநாடு என்றே அழைக்கப்பட்டு, 1877-இல் நீலகிரியோடு சேர்க்கப்பட்டது. 'திருவிதாங்கூர்' என்று எழுதப்பட்ட மாதிரி இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலோ செங்கோட்டையிலோ எடுக்கப்பட்டதாகவும் இருக்கலாம். இவற்றைப் பிரித்தறியாமல் 'தமிழ்நாட்டில் முதல் பதிவு' என்று தலைப்பிடுபவர், நூறு ஆண்டுக்கு முன்பே தமிழ் மண்ணில் எடுக்கப்பட்டு அருங்காட்சியக இழுப்பறையில் கிடக்கும் மாதிரியொன்றால் ஒருநாள் மறுக்கப்படுவார்.

இடம் சரியாக எழுதப்பட்டிருந்தாலும் அது வாழிடமாக இருக்க வேண்டும் என்பதில்லை. இதற்கு இதே பேரினத்தைச் சேர்ந்த நீலச் சிலந்தி, பீசிலோதீரியா மெட்டாலிக்கா, சிறந்த பாடம். 1899-இல் ஆங்கிலேய விலங்கியலாளர் போக்காக் அதை விவரித்தபோது, மாதிரி ஆந்திரத்தின் குத்தி (Gooty) என்ற ஊரில் ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்திருந்தது. அந்த ஊர்ப்பெயரே அதற்கு அடையாளமாயிற்று. பிறகு நூறாண்டுக்கும் மேலாக அது யார் கண்ணிலும் படவில்லை. 2001-இல் அது திரும்பக் கிடைத்தது குத்தியில் அன்று. அங்கிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தள்ளி, நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில். வெட்டிய மரத்தோடு ரயிலேறி வந்த சிலந்தியைத்தான் 1899-இல் பார்த்திருக்கிறார்கள் என்பது பொதுவான கருத்து. பழைய சீட்டைப் படிக்கும்போதெல்லாம் இந்த மரக்கிடங்கை நினைத்துக்கொள்வது நல்லது.

பழைய பதிவுகளுக்கு இன்றைய ஆயத்தொலைகளைப் (இடத்தைக் குறிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை) பொருத்தும்போது, எண்ணோடு ஐயத்தின் ஆரத்தையும், அதாவது உண்மையான இடம் அந்தப் புள்ளியிலிருந்து எவ்வளவு தொலைவுக்குள் இருக்கலாம் என்பதையும், எழுத வேண்டும். 'இராமநாதபுரம்' என்று மட்டும் இருக்கும் சீட்டுக்கு நகரத்தின் நடுப்புள்ளியை நான்கு தசம இடங்களில் எழுதினால், இல்லாத துல்லியத்தை இருப்பதாகக் காட்டுகிறோம். ஐயம் 40 கிலோமீட்டர் என்றால் 40 என்றே எழுதலாம்; அதில் குறைவொன்றும் இல்லை.

அனுமதியும் ஊராரும்

இந்தியாவில் காப்புக்காடு, சரணாலயம் எதற்குள் நுழைந்து ஆய்வு செய்வதற்கும் வனத்துறையின் எழுத்துமூல அனுமதி வேண்டும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள விலங்கைப் பிடிக்கவோ மாதிரி எடுக்கவோ தனி அனுமதி தேவை. 2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த புதிய அட்டவணைகள் பழையவற்றிலிருந்து வெகுவாக மாறியிருக்கின்றன. ஆகவே பழைய நூலைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. மாதிரியை வெளிநாட்டு ஆய்வாளருக்கு அனுப்புவதற்கு 2002-ஆம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டம் குறுக்கே நிற்கும் என்பதையும் மறக்கக் கூடாது. இலங்கையில் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அனுமதி எண்ணைக் கட்டுரையில் குறிப்பிடுவது இன்று பெரும்பாலான ஆய்விதழ்களில் கட்டாயம்.

தோப்புகள் கோயிலுக்கோ தனியாருக்கோ உரியவை. இரவில் டார்ச்சோடு மரம் மரமாகத் தட்டிப் பார்க்கப் போகிறவர், தோப்புக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்; மரியாதைக்காக மட்டும் அன்று, திருடன் என்று நினைத்து ஊரே கூடிவிடும் என்பதற்காகவும்.

ஊராரைக் கேட்கும் முறையிலும் கவனம் தேவை. ஒரே ஒரு படத்தைக் காட்டி 'இது இங்கே இருக்கிறதா?' என்று கேட்டால், தொலைவிலிருந்து வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதே என்ற நல்லெண்ணத்தாலேயே பலர் 'இருக்கு தம்பி' என்று சொல்லிவிடுவார்கள். அதனால் நான் ஐந்தாறு படங்களைக் கலந்து காட்டுவேன். அவற்றில் ஒன்று தென்னமெரிக்கச் சிலந்தியின் படமாக இருக்கும். அதையும் 'போன மழைக்குக் கொல்லையில் பார்த்தேன்' என்று ஒருவர் சொன்னால், அவருடைய மற்ற விடைகளை அதற்கேற்ப எடைபோட வேண்டும். மாறாக, கேட்காமலேயே 'இது பொந்து வாயில் வலையைத் தடித்துப் பின்னியிருக்கும், கருக்கலில்தான் தலையை நீட்டும்' என்று சொல்கிற பெரியவர் கிடைத்தால், அன்றைய களப்பணி பாதி முடிந்தது என்று கொள்ளலாம்.

எது என்பதற்கான சான்று

அழகான படம் வேறு, அடையாளம் காட்டும் படம் வேறு. பீசிலோதீரியா இனங்களை மேலிருந்து எடுத்த படத்தை வைத்துப் பிரிப்பது கடினம். அவற்றைப் பிரித்தறிய உதவுவது கால்களின் அடிப்பக்கத்தில் உள்ள பட்டைகள், குறிப்பாக முதலாம் இணை, நான்காம் இணைக் கால்களின் அடிப்பக்கக் கோலம். நான் முதன்முதலில் ஆய்விதழுக்கு அனுப்பிய குறிப்பு திரும்பி வந்ததற்குக் காரணம் இதுதான். பதினோரு படங்கள் வைத்திருந்தேன். பதினொன்றும் முதுகுப் பக்கம். மதிப்புரையாளர் ஒரே வரியில், 'கால்களின் அடிப்பக்கத்தைப் பார்க்காமல் இது எந்த இனம் என்று எப்படி முடிவு செய்தீர்கள்?' என்று கேட்டிருந்தார். பதில் சொல்ல முடியவில்லை.

கண்ணாடிக் குடுவையின் சுவரில் சிலந்தியை ஏறவிட்டு வெளியிலிருந்து படமெடுத்தால் அடிப்பக்கம் தெளிவாகக் கிடைக்கும். கையால் தொடவே தேவையில்லை. தொடவும் கூடாது. இப்பேரினத்தின் கடி கடும் வலியையும் தசைப்பிடிப்பையும் உண்டாக்கக்கூடியது. குடுவையின் ஓரத்தில் மில்லிமீட்டர் அளவுகோலை ஒட்டி வைக்க வேண்டும். குஞ்சுகளிலும் இளம் பருவத்திலும் நிறமும் கோலமும் மாறுபடுவதால், இளஞ்சிலந்தியை மட்டும் பார்த்திருந்தால் பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

படம் போதுமா, மாதிரி வேண்டுமா என்ற விவாதம் ஓயாதது. நன்கறிந்த பறவைக்குப் படம் போதும். ஒன்றையொன்று ஒத்த, ஆய்வு குறைந்த இனங்களுக்குப் பெரும்பாலும் போதாது. ஆனால் சான்று மாதிரி என்றால் உயிரைக் கொன்று சாராயத்தில் போடுவது என்று மட்டும் பொருளில்லை. சிலந்தி சட்டை உரிக்கும். உரித்த சட்டையைப் பொந்தின் வாயிலேயே பல நேரம் காணலாம். வளர்ந்த பெண் சிலந்தியின் சட்டையில் விந்துப் பையின் உட்புறப் படலமும் சேர்ந்தே உரிந்து வரும் என்பதால், பாலினத்தையும் இனத்தின் சில அடையாளங்களையும் அதிலிருந்தே படிக்கலாம். ஒரு சிற்றுயிரையும் கொல்லாமல் அருங்காட்சியகத்தில் வைக்கத்தக்க சான்று அது. காய்ந்த சட்டை எளிதில் நொறுங்கும். சிறிது நீரில் நனைத்து, மென்மையான தூரிகையால் கால்களை விரித்து, சீட்டோடு பெட்டியில் வைக்க வேண்டும். சென்னையில் இந்திய விலங்கியல் அளவைத் துறையின் தென்மண்டல மையமும், செடிகளானால் கோவையில் தாவரவியல் அளவைத் துறையின் பராமரிப்பில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியம் என்ற உலர்தாவரச் சேகரிப்பும் இத்தகைய சான்றுகளைப் பெற்றுக்கொள்ளும் இடங்கள். வீட்டு அலமாரியில் இருக்கும் மாதிரி, அறிவியலைப் பொறுத்தவரை, இல்லாத மாதிரி. பதிவெண் கிடைத்த பிறகே அது சான்றாகும்.

எங்கே என்பதற்கான சான்று

ஒரு சிறு கணக்கைச் சொல்கிறேன். இராமேசுவரம் நகரம் ஏறத்தாழ 9 பாகை (டிகிரி) 17 கலை (நிமிடம்) வடக்கிலும், 79 பாகை 18 கலை கிழக்கிலும் இருக்கிறது. ஒரு பாகைக்கு 60 கலை என்பதால், தசமத்தில் இது 9.283, 79.300 ஆகும். அவசரத்தில் கலையை அப்படியே புள்ளிக்குப் பின் எழுதி 9.17, 79.18 என்று கொடுத்துவிட்டால், அந்தப் புள்ளி சுமார் 12 கிலோமீட்டர் தெற்கிலும் 13 கிலோமீட்டர் மேற்கிலும் தள்ளிப் போய் மன்னார் வளைகுடாவுக்குள் விழும். மரத்தில் வாழும் சிலந்தியைக் கடலில் போட்டாயிற்று. கடலில் விழுந்தால் நல்லது, யாராவது பிழையைக் கண்டுபிடிப்பார்கள். இதே பிழை மலைப்பகுதியில் நேர்ந்தால் புள்ளி பக்கத்துச் சமவெளியிலோ அடுத்த மாவட்டத்திலோ நம்பும்படியாக உட்கார்ந்துகொள்ளும். அதை வைத்து மற்றவர்கள் வரைபடம் வரைந்துகொண்டே போவார்கள்.

ஆகவே ஆயத்தொலைகளைத் தசமப் பாகையில், நான்கு தசம இடங்களோடு எழுதுவது போதுமானது. நான்காவது தசம இடம் சுமார் 11 மீட்டரைக் குறிக்கும். கைப்பேசி காட்டுகிற எட்டு தசம இடங்களையும் எழுதுவதில் பொருளில்லை. எந்தப் புவிமாதிரியில் (ஆயத்தொலைக்கு அடிப்படையாகக் கொள்ளும் பூமியின் வடிவக் கணக்கில்) அளந்தது என்பதையும் எழுத வேண்டும்: ஜிபிஎஸ் கருவி டபிள்யூஜிஎஸ்-84 முறையில் காட்டும், பழைய நில அளவைத் தாள்களோ எவரெஸ்ட் முறையில் அமைந்தவை; ஒரே மரத்துக்கு இரண்டிலும் இரண்டு எண்கள் வரும். எண்ணோடு ஊர், வட்டம், மாவட்டம், கடல்மட்டத்திலிருந்து உயரம், வாழிடம், தேதி, நேரம், பார்த்தவர் பெயர் ஆகியவையும் அன்றிரவே குறிப்பேட்டில் ஏற வேண்டும். மரத்தில் வாழும் உயிர் என்றால் மரத்தின் இனம், சுற்றளவு, பொந்து தரையிலிருந்து இருந்த உயரம் ஆகியவற்றையும் எழுதுங்கள். அவை இல்லாத பதிவிலிருந்து, எந்தத் தோப்பைக் காப்பாற்ற வேண்டும் என்று யாராலும் சொல்ல முடியாது.

தேடியும் கிடைக்காத இடங்களையும் எழுத வேண்டும் என்பதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஆறு இரவுகளில், நான்கு பேர், ஏழு தோப்புகளில் இத்தனை மரங்களைப் பார்த்தோம், இரண்டு தோப்புகளில் மட்டுமே கண்டோம் என்று எழுதினால், பத்தாண்டு கழித்து வருபவர் அதே அளவு தேடிவிட்டுக் குறைந்திருக்கிறதா என்று சொல்லலாம். 'பல இடங்களில் தேடினோம்' என்ற வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒப்பிட ஒன்றுமில்லை.

தானாக வந்ததா, கொண்டுவரப்பட்டதா?

புதிய இடத்தில் கிடைத்த உடனே கேட்க வேண்டிய கேள்வி இது. மன்னார்ப் பதிவு இதற்கு நல்ல பயிற்சி. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது இரு கரைகளும் ஒரே நிலமாக இருந்தன. ஆகவே இரு பக்கமும் ஒரே சிலந்தி இருப்பதில் வியப்பில்லை. மறுபுறம், 1914 முதல் 1964 புயல் வரை இந்த இரு துறைகளுக்கும் இடையே ரயிலும் கப்பலும் இணைந்த போக்குவரத்து நடந்தது; தோணிகளோ அதற்கு முன்னும் பின்னும் ஓடியிருக்கின்றன. மன்னாரில் நிற்கும் பெருக்க (பாவோபாப்) மரங்களே அரபு வணிகர்கள் கொண்டுவந்தவை என்று சொல்லப்படுகிறது. மரத்தோடு சிலந்தி பயணம் செய்யும் என்பதைக் குத்தியின் மரக்கிடங்கு முன்பே காட்டிவிட்டது.

பதிவை எழுதுபவர் இரு சாத்தியங்களையும் முன்வைத்து, எதற்கு எவ்வளவு சான்று இருக்கிறது என்று சொல்ல வேண்டும். துறைமுகத்தை ஒட்டிய ஒரே தோப்பில் மட்டும் இருக்கிறதா, உள்நாட்டுக் காட்டிலும் பரவியிருக்கிறதா? பல வயதுச் சிலந்திகள் இருக்கின்றனவா? இரு கரைச் சிலந்திகளின் மரபணுக்கள் எவ்வளவு வேறுபடுகின்றன? இந்தக் கேள்விகளால் அழிநிலைக் கணக்கே மாறும். மனிதர் கொண்டுபோய்ச் சேர்த்த கூட்டம் பொதுவாக அக்கணக்கில் சேராது.

அழிநிலையைக் கணிக்கும்போது

1964-இல் தொடங்கப்பட்ட சிவப்புப் பட்டியலில், ஓர் இனத்தை அழிவாய்ப்பு இனம், அருகிய இனம், மிக அருகிய இனம் என்று வகைப்படுத்த ஐந்து அளவுகோல்கள் இருக்கின்றன. எண்ணிக்கையும் வீழ்ச்சி வேகமும் தெரியாத, அதிகம் அறியப்படாத இனங்களுக்குப் பெரும்பாலும் கைகொடுப்பது, பரவலின் பரப்பை வைத்துக் கணிக்கும் இரண்டாவது அளவுகோல்தான். அதில் இரண்டு பரப்புகள் வருகின்றன. இரண்டையும் குழப்பிக்கொள்ளாத கட்டுரைகளை நான் குறைவாகவே பார்த்திருக்கிறேன்.

ஒன்று பரவல் எல்லை: அறியப்பட்ட எல்லாப் புள்ளிகளையும் உள்ளடக்கும்படி, உட்குழிவு எதுவும் இல்லாத பலகோணத்தை வரைந்தால் கிடைக்கும் பரப்பு. இது 100 சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தால் மிக அருகிய இனம், 5,000-க்குக் குறைந்தால் அருகிய இனம், 20,000-க்குக் குறைந்தால் அழிவாய்ப்பு இனம் என்பது வரம்பு. இப்பலகோணத்துக்குள் வாழத் தகாத இடங்கள் வந்தாலும் அவற்றை வெட்டி எடுக்கக் கூடாது என்பதுதான் ஐயுசிஎன் வழிகாட்டுதல். இராமேசுவரத்தையும் மன்னாரையும் இணைத்துப் பலகோணம் வரைந்தால் நடுவிலுள்ள கடலும் உள்ளே வந்துவிடும், வரட்டும். பரவல் எல்லை என்பது சிலந்தி எவ்வளவு இடத்தில் குடியிருக்கிறது என்ற அளவு அன்று. ஓர் ஆபத்து வந்தால் எல்லாக் கூட்டங்களும் ஒன்றாக மாட்டிக்கொள்ளுமா, பரந்திருப்பதால் சில தப்புமா என்பதன் அளவு.

மற்றொன்று வாழ்பரப்பு: நிலப்படத்தின் மீது 2 கிலோமீட்டருக்கு 2 கிலோமீட்டர் கட்டங்களை விரித்து, இனம் இருக்கும் கட்டங்களை எண்ண வேண்டும். ஒரு கட்டம் 4 சதுர கிலோமீட்டர். மிக அருகிய இனத்துக்கான வரம்பு 10 சதுர கிலோமீட்டருக்குக் கீழே என்பதால், இரண்டு கட்டங்களில் இருந்தால் 8, வரம்புக்குள். மூன்றாவது கட்டத்தில் ஒரே ஒரு சிலந்தி கிடைத்தால் 12, வரம்பைத் தாண்டியாயிற்று. அருகிய இனத்துக்கு 500, அழிவாய்ப்பு இனத்துக்கு 2,000. ஓர் இரவுத் தேடலில் கிடைத்த ஒரு மரம் இந்தக் கணக்கை எப்படி அசைக்கிறது என்பது தெரிந்தால்தான் ஆயத்தொலையில் அவ்வளவு கண்டிப்பு ஏன் என்பது விளங்கும்.

பரப்பு சிறியது என்பது மட்டுமே போதாது. கடும் துண்டாடல் அல்லது குறைவான இருப்பிடங்கள், தொடர்ந்த வீழ்ச்சி, கடுமையான ஏற்ற இறக்கம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு நிறைவேற வேண்டும். இதை விட்டுவிட்டு '100 சதுர கிலோமீட்டருக்குக் குறைவு, ஆகவே மிக அருகிய இனம்' என்று எழுதும் குறிப்புகள் ஏராளம். 'இருப்பிடம்' என்ற சொல்லும் இங்கே தனிப்பொருள் கொண்டது. அது கண்டெடுத்த இடங்களின் எண்ணிக்கை அன்று. ஒரே ஆபத்து ஒரே வீச்சில் பாதிக்கக்கூடிய பகுதி ஓர் இருப்பிடம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது போன்ற புயலே முதன்மை ஆபத்து என்று கொண்டால், தீவிலுள்ள எட்டுத் தோப்புகளும் சேர்ந்து ஒரே இருப்பிடம். வெவ்வேறு உரிமையாளர்கள் தோப்பை மனையாக்கி விற்பதே ஆபத்து என்றால், எட்டுத் தோப்புகளும் எட்டு இருப்பிடங்களாகலாம். எனவே ஆபத்து எது என்று முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் எண்ணத் தொடங்க வேண்டும். அந்த ஆபத்துக்கும் சான்று வேண்டும். பழைய செயற்கைக்கோள் படத்தில் தோப்பாக இருந்த இடம் இன்று விடுதியாக இருக்கிறது என்று காட்டுவது சான்று. 'வாழிடம் அழிந்து வருகிறது' என்று பொதுவாக எழுதுவது சான்றாகாது.

புதிய பதிவு கிடைத்ததால் நிலை உடனே இறங்கிவிடும் என்று அஞ்சவும் வேண்டாம், பெருமைப்படவும் வேண்டாம். உண்மையிலேயே இனம் மீண்டுவந்திருந்தால், மேல்நிலை (அதிக ஆபத்து) வரம்புக்கு வெளியே ஐந்தாண்டுகள் இருந்த பிறகே கீழ்நிலைக்கு மாற்றுவார்கள். முந்தைய கணிப்பு தகவல் குறைவால் பிழையாக இருந்தது என்று தெரிந்தாலோ உடனே திருத்திவிடலாம். எது நடந்தது என்பதைப் பதிவை எழுதுபவரே தெளிவாகச் சொல்லிவிட்டால், மதிப்பீட்டாளர்களுக்குப் பெரும் உதவி. 'தரவுகள் போதாது' என்ற வகையைத் தோல்வியாக நினைக்கவும் வேண்டாம். ஒரே ஒரு பழைய மாதிரியை மட்டும் வைத்து ஆபத்தின் அளவைச் சொல்ல முடியாதபோது அதுவே நேர்மையான விடை. முறையான மதிப்பீட்டை வெளியிடும் உரிமை சிவப்புப் பட்டியலுக்கே உண்டு என்பதால், கட்டுரையில் 'பரிந்துரைக்கிறோம்' என்ற அளவில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இடத்தைச் சொல்வதா, மறைப்பதா?

அழகிய சிலந்திகளை வளர்ப்புக்காக வாங்கி விற்கும் சந்தை உலகெங்கும் உண்டு. கடத்தலை முன்னிட்டு, 2019-இல் பீசிலோதீரியா பேரினம் முழுவதும், ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் சேர்க்கப்பட்டது. மர எண் வரை வெளியிடப்பட்ட கட்டுரை, திருடனுக்கு வழிகாட்டும் சீட்டாகிவிடும். ஆகவே இத்தகைய இனங்களுக்கு வெளியீட்டில் வட்டம் அல்லது மாவட்டம் அளவில் நிறுத்தி, முழு ஆயத்தொலைகளை அருங்காட்சியகத்திலும் வனத்துறையிலும் ஒப்படைப்பது நல்ல வழக்கம். யாரும் தாம் கண்ட உயிரினங்களைப் பதிவேற்றும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளமும் ஆபத்திலுள்ள இனங்களின் இடத்தை 0.2 பாகைக் கட்டத்துக்குள், ஏறத்தாழ 22 கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரத்துக்குள், எங்கோ ஓரிடமாக மாற்றித்தான் காட்டுகிறது. அந்தப் புள்ளியைப் பதிவிறக்கி உண்மையான இடமாக எண்ணிப் பரவல் எல்லையைக் கணக்கிடுபவர்களும் இருக்கிறார்கள். தீவைப் பொறுத்தவரை அந்தப் புள்ளியும் கடலில் விழ வாய்ப்புண்டு.

ஆனால் மறைப்பதே எப்போதும் காப்பது ஆகாது. இலங்கையின் 2012 தேசியச் சிவப்புப் பட்டியலில் அற்றுவிட்டதாக அறிவிக்கப்பட்ட குருடியா சிலானிகா என்ற அவரைக் குடும்ப மரம், 2019-இல் கம்பஹா மாவட்டத்தில் கண்டெடுக்கப்பட்டது. 2021-இல் அதிவேக நெடுஞ்சாலைக்காக அதை வெட்ட முற்பட்டபோது, அது எந்த மரம், எங்கே நிற்கிறது என்பது பலருக்கும் தெரிந்திருந்ததால்தான் எதிர்ப்பு எழுந்தது. திருடிச் செல்லக்கூடிய உயிருக்கு இடத்தை மறைக்கலாம். கோடரிக்கும் சாலைக்கும் இரையாகக்கூடிய உயிருக்கு இடத்தை உரக்கச் சொல்வதே நல்லது. எது எந்த வகை என்பதை, தோப்புக்காரரையும் கேட்டுவிட்டு, களத்தில் நின்றவர்தான் முடிவு செய்ய முடியும்.

எழுதி அனுப்பும்போது

கோவையிலிருந்து வெளிவரும் ஜர்னல் ஆஃப் திரெட்டன்ட் டாக்ஸா போன்ற ஆய்விதழ்கள் இத்தகைய சிறு குறிப்புகளை ஏற்று, யாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடுகின்றன. தலைப்பில் 'முதல் பதிவு' என்று எழுதுமுன், எதன் முதல் பதிவு என்பதை வரையறுக்க வேண்டும்: நாட்டுக்கா, மாநிலத்துக்கா, மலைத்தொடருக்கா? மாவட்டத்துக்கு முதல் பதிவு என்பது பெரும்பாலும் நிர்வாக எல்லையின் செய்தி, உயிரினத்தின் செய்தி அன்று. 2019-இல் தென்காசி தனி மாவட்டமானபோது, அங்கிருந்த எல்லா உயிர்களும் ஒரே நாளில் புதிய மாவட்டப் பதிவுகளாகிவிட்டன. அருகிலுள்ள முந்தைய பதிவிலிருந்து நேர்கோட்டில் எத்தனை கிலோமீட்டர், எந்தத் திசையில் என்று எழுதினால் எந்த எல்லை மாறினாலும் அந்த வாக்கியம் நிற்கும்.

நிலப்படத்தில் பழைய பதிவுகளை ஒரு குறியாலும், புதியதை வேறு குறியாலும், தேடியும் கிடைக்காத இடங்களை வெற்று வட்டத்தாலும் காட்டலாம். புள்ளிகளுக்கு இடையே வண்ணம் பூச வேண்டாம். அங்கே யாரும் தேடவில்லை. மரம் காட்டியவர், பொந்து காட்டியவர், ஏணி பிடித்தவர் ஆகியோரின் பெயர்களை அவர்களுடைய ஒப்புதலோடு நன்றியில் சேர்த்து, வெளிவந்த குறிப்பின் ஒரு படியை, தமிழில் ஒரு பக்கச் சுருக்கத்தோடு, தோப்புக்காரருக்கும் கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த முறை பொந்துள்ள மரத்தை வெட்ட ஆள் வரும்போது உங்களுக்குத் தொலைபேசியில் சொல்லக்கூடியவர் அவர்தான்.